வறுங்காலத்தில் வகுத்தல்: அமெரிக்கத் தலைவர் ஹூவரின் ஆட்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

களஞ்சியம் நிறைந்திருக்குங்கால் ஓர் அரசன் யாரை முதலில் நினைக்கின்றான் என்பதனை அறிதல் அரிது. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கப் பொருள் இருத்தலின், முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் ஒருங்கே மகிழ்ந்து செல்வர். களஞ்சியம் பாதி வெறுமையுற்ற காலத்தேதான், முதற்படி நெல் யாருக்கு அளக்கப்படுகின்றது, காத்திருக்குமாறு யாரிடம் சொல்லப்படுகின்றது என்பன வெளியாகின்றன. பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததனைச் சேர்த்தல், சேர்த்ததனைக் காத்தல், காத்ததனைப் பகுத்துச் செலவிடல் என அரசனுக்குரிய பொருட்கடன் நான்கினைத் திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் நிரல்பட வைத்தனர். இந்நான்கனுள் இறுதியில் நிற்கும் வகுத்தலே ஆள்வோனது நெஞ்சை உலகிற்குக் காட்டுவதாம். முடியரசர்க்குச் சொன்ன இம்முறை குடியரசுத் தலைவர்க்கும் பொருந்துமோ என்பதனை, 1929 முதல் 1933 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர் என்பாரது ஆட்சியை வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவரை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. கொடியவன் ஒருவனைக் குறை கூறுதல் எளிது. அதனால் நாம் கற்பதும் சிறிது. ஹூவரோ கொடியவர் அல்லர்; தந்நலம் கருதியவரும் அல்லர். 1874ஆம் ஆண்டில் அயோவா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், குவேக்கர் சபையைச் சேர்ந்த எளிய குடும்பத்திற் பிறந்து, பத்து வயது நிரம்புமுன்னரே தாய் தந்தையர் இருவரையும் இழந்தவர். சுரங்கப் பொறியியல் கற்றுத் தம் முயற்சியாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பகைவர் கைப்பட்டுப் பசியால் வாடிய பெல்ஜிய நாட்டு மக்களுக்கு உணவனுப்பும் பெரும்பணியை ஏற்று நடத்தினார். 1921இல் ருஷியாவிற் பஞ்சம் பரந்தபோது, அந்நாட்டு ஆட்சிமுறையை அறவே வெறுத்தவராயிருந்தும், அங்கும் உணவனுப்பினார். தலைவர் பதவிக்குரிய ஊதியத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமற் பிறர்க்கே வழங்கினார். இத்தகைய ஒருவர், தம் நாட்டு மக்கள் பசித்தபோது அவர்களை மறந்தார் என்று பழிக்கப்பட்டது எங்ஙனம் என்பதே நமது வினா.

முதற்கண் அக்காலத்து நிலையைச் சுருங்கக் கூறுவாம். ஹூவர் பதவியேற்ற 1929ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க்குப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் மூடப்பட்டன. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. பாங்கிகள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. 1933ஆம் ஆண்டளவில் உழைக்க வல்ல நால்வருள் ஒருவர் வேலையின்றியிருந்தனர் என்பர். மக்களின் வருவாய் குறையவே அரசாங்கத்தின் வரியும் குறைந்தது. 1930 ஜூன் திங்களோடு முடிந்த கணக்காண்டில் மத்திய அரசாங்கத்தின் வரவு ஏறத்தாழ 405 கோடி டாலர். செலவு போக 73 கோடி டாலர் எஞ்சியும் நின்றது. 1932 ஜூனோடு முடிந்த ஆண்டிலோ வரவு 192 கோடியாகக் குறுகிற்று. செலவு 465 கோடியாயிற்று. துண்டு விழுந்த தொகை 270 கோடிக்கு மேற்பட்டது. இரண்டே ஆண்டுகளில் வரவு பாதிக்கும் கீழே இறங்கிய இந்நிலையில், எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது, எதனைச் செய்யாதே விடுவது என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு ஹூவரின்மேல் வந்து விழுந்தது.

அவ்வரிசையின் தன்மை முதன்முதல் வெளிப்பட்டது 1930ஆம் ஆண்டின் வறட்சியிலே. ஆர்க்கன்சா முதலிய மாகாணங்களில் மழை பொய்த்துப் பயிர் கருகிற்று. குடியானவர்க்கு விதை வாங்கவும் கால்நடைக்குத் தீனி வாங்கவும் கடன் கொடுப்பதற்கு அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரஸ் நாலரைக் கோடி டாலர் ஒதுக்கியது. ஹூவரும் அதற்கு இசைந்தார். ஆனால், அப்பணத்தைக் குடியானவர் தமக்கும் தம் மக்களுக்கும் உணவு வாங்கச் செலவிடலாம் என்று செனட் சபையினர் சிலர் சேர்க்க விரும்பியபோது அவர் உடன்படவில்லை. உழவனது கோவேறு கழுதை உண்ணலாம், உழவனது குழந்தை உண்ணலாகாதோ என்னும் வினா அன்று நாடெங்கும் எழுந்தது. 1931 ஜனவரியில் ஆர்க்கன்சாவிலுள்ள இங்கிலாந்து என்னும் சிற்றூரிற் பசித்த உழவர் பலர் திரண்டுவந்து உணவு கேட்டமை செய்தித்தாள்களிற் பரவி, உள்ளவர் இல்லவர் அனைவரையும் திடுக்கிடச் செய்தது.

ஹூவர் இதற்குக் கூறிய விடையையும் நாம் நடுநிலை பிறழாது கேட்டல் வேண்டும். கால்நடைக்குக் கொடுப்பது தொழிலுக்குக் கொடுக்கும் கடன், அது திரும்பிவரும். மனிதர்க்கு உணவு கொடுப்பதோ அறம். அவ்வறம் அயலவரும், செஞ்சிலுவைச் சங்கமும், ஊராட்சியும், மாகாண அரசும் செய்தற்குரியது. மத்திய அரசாங்கம் நேரே கைந்நீட்டிக் கொடுக்கத் தொடங்கின், அயலவர் அன்பு வறண்டுபோம். பெறுவோரது தன்முயற்சியும் தளரும். இதுவே அவரது கொள்கை. பெல்ஜியத்தில் தன்னார்வத் தொண்டினால் ஒரு நாட்டையே உண்பித்தவர் அவ்வழியையே பெரிதும் நம்பியது வியப்பன்று. எனினும், 1931 பிப்ரவரியில் அவர் ஓர் உறுதிமொழியும் தந்தார். தன்னார்வ நிலையங்களும் ஊர், மாகாண அரசுகளும் மக்களைப் பசியினின்று காக்க இயலாத காலம் ஒன்று வருமாயின், மத்திய அரசாங்கத்தின் எல்லா வளங்களையும் தாம் துணைக்கழைப்பதாகவும், அத்தகைய காலம் வராது என்று தாம் நம்புவதாகவும் கூறினார். இவ்வுறுதிமொழியை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இதனை எடுத்து நோக்குவாம்.

இனி, 1932ஆம் ஆண்டிற்கு வருவாம். அவ்வாண்டு ஜனவரித் திங்களிற் புனருத்தாரண நிதி நிலையம் ஒன்று ஹூவரின் முயற்சியால் நிறுவப்பட்டது. 50 கோடி டாலர் மூலதனமும், மேலும் 150 கோடி வரை கடன் வாங்கும் உரிமையும் அதற்கு அளிக்கப்பட்டன. முறியும் நிலையிலிருந்த பாங்கிகளுக்கும், இரயில்வே முதலிய நிலையங்களுக்கும் கடன் கொடுத்து நிலைநிறுத்துதல் அதன் தொழில். அடுத்த பிப்ரவரியில், வேலையற்றோர்க்கு உதவும்பொருட்டு மாகாணங்களுக்கு 37½ கோடி டாலர் வழங்கவேண்டுமென லா பாலெட், காஸ்டிகன் என்னும் செனட்டர் இருவர் கொணர்ந்த மசோதா செனட்டிலே தோற்றது. ஹூவரோ முந்திய டிசம்பரிற் காங்கிரசுக்கு விடுத்த செய்தியிலேயே, அரசாங்கம் நேராகவோ மறைமுகமாகவோ பிச்சைப்பணம் வழங்குவதனைத் தாம் எதிர்ப்பதாக அறிவித்திருந்தார்.

இவ்விரண்டினையும் அருகருகே வைத்து நோக்குமாறு செய்த நகரம் சிக்காகோ. 1932இல் அந்நகரத்துப் பள்ளியாசிரியர்கள் பல திங்கள் ஊதியமின்றியே பாடஞ் சொல்லிவந்தனர். நகரத் தலைவராகிய செர்மாக் தலைநகர் சென்று, இப்பொழுது உதவிப்பணம் அனுப்புதல், பின்னர்ப் படையனுப்புவதினும் செலவு குறைந்ததாகும் என்னும் கருத்துப்பட முறையிட்டார். அதே ஜூன் திங்களின் இறுதியில், அதே நகரத்துப் பாங்கி ஒன்றிற்கு நிதி நிலையம் 9 கோடி டாலர் கடன் அளிக்க இசைந்தது. அப்பாங்கியின் தலைவர் சார்லஸ் டாஸ் என்பவர். அவரே சில நாட்களுக்கு முன்வரை அந்நிதி நிலையத்தின் தலைவராயும் இருந்தவர். பாங்கிக்குப் பணம் உண்டு, பள்ளிக்கூடத்திற்கு இல்லை என்று நாட்டார் கூறியதிற் புதுமை யாதுளது?

ஈண்டும் நடுநிலை வேண்டற்பாலது. அப்பாங்கி முறிந்திருப்பின் சிக்காகோவிற் பிற பாங்கிகளும் உடன் முறிந்திருத்தல் கூடும். பாங்கியிற் கிடந்த பணம் செல்வர் பணம் மட்டும் அன்று. கூலியாளும் கைம்பெண்ணும் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணமும் அதன்கண் இருந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்தோரும் அந்நிதி நிலையத்தில் இருந்து அக்கடனுக்கு உடன்பட்டனர். ஆதலின், பாங்கிகளைக் காத்தது பிழையென்று நாம் கூறோம். பாங்கியைக் காத்த கை அவ்வளவு விரைவிற் பசித்தவரிடம் நீளாமையே பிழை என்கின்றோம்.

நிற்க. துண்டு விழுந்த தொகையை நிரப்பி, வரவையும் செலவையும் சமமாக்குதலே நாட்டை மீட்கும் முதல் வழியென்று ஹூவர் உறுதியாக எண்ணினார். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட்டபின், அமெரிக்க டாலரின்மீதும் பிறநாட்டார் ஐயங்கொண்டு பொன்னை மீட்டுச் செல்லத் தொடங்கினர்; கணக்குச் சரியாயிருப்பின் நம்பிக்கை திரும்பும் என்பது அவரது கருத்து. 1932 மே 31ஆம் நாள் அவர் தாமே செனட் சபைக்குச் சென்று வரி மசோதாவை விரைந்து நிறைவேற்றுமாறு வேண்டினார். ஜூன் திங்களிற் கையெழுத்தான அச்சட்டத்தினால், மிகப் பெரிய வருவாய்க்குரிய வரி நூற்றுக்கு 25லிருந்து 63ஆக உயர்ந்தது. செக்கு ஒவ்வொன்றிற்கும் 2 சென்று வரி விதிக்கப்பட்டது. கடிதத்திற்குரிய தபாற்கட்டணம் 2 சென்றிலிருந்து 3 சென்றாயிற்று. செல்வர்மேலும் வரி ஏறியமையின், ஹூவர் செல்வர் பக்கமே நின்றார் என்று வாளா சொல்லுதல் உண்மையாகாது. அரசாங்கச் சிப்பந்திகளின் ஊதியமும் கட்டாய விடுமுறையாற் குறைக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரும் அரசாங்கப் பணியில் இருப்பின், ஆட்குறைப்புச் செய்யுங்கால் அவருள் ஒருவரை முதலில் விலக்குமாறும் விதி செய்தனர்.

இத்துணையும் செய்து பெற்ற பயன் யாது? 1933 ஜூனோடு முடிந்த ஆண்டில் வரவு ஏறத்தாழ 200 கோடி. துண்டு விழுந்த தொகை மீண்டும் 260 கோடி. வரி ஏறியும் வரவு சிறிதளவே ஏறிற்று. அரசாங்கக் கணக்கினை வீட்டுக் கணக்கோடு முற்றும் ஒப்பிடுதலால் விளைந்த இடர் இது. வீட்டுத் தலைவி அரிசிச் செலவைக் குறைப்பதனால் வீட்டுத் தலைவனது ஊதியம் குறைவதில்லை. அரசாங்கமோ செலவைக் குறைத்து வரியை ஏற்றுமிடத்து, அச்செலவையே ஊதியமாகப் பெற்று வந்தவரும், வரி செலுத்துபவரும் வாங்குவதனைக் குறைப்பர். வணிகன் விற்பது குறையும். வணிகனது வரியும் குறையும். முடிவில் அரசாங்கத்தின் வரவே சுருங்கும். ஆயினும், நல்ல வீட்டில் நாம் காணும் மற்றொரு முறையை ஹூவர் பின்பற்றியிருக்கலாம். முடை வந்தபோது தாய் முதலில் விருந்தைக் குறைப்பாள். பின்னர்த் தன் பங்கைக் குறைப்பாள். குழந்தையின் பாலைக் குறைத்தல் எல்லாவற்றிற்கும் பிந்தியதாகும். அவள் வீட்டுக் கணக்கும் எழுதுவாள். ஆனால், கணக்கேட்டினைக் குழந்தைக்கு முன்னே வையாள்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களிற் பெருந்தொகை வாய்ந்த நிவாரண மசோதா ஒன்றனைக் காங்கிரஸ் நிறைவேற்ற, ஹூவர் அதனை மறுத்துத் திருப்பியனுப்பினார். பின்னர் இருசாராரும் இணங்கியதன் பயனாக, ஜூலை 21ஆம் நாள் மாகாணங்களுக்கு 30 கோடி டாலர் வரை கடன் தருஞ் சட்டம் கையெழுத்தாயிற்று. மத்திய அரசாங்கம் வேலையற்றோர் துயர் நீக்க இத்துணைப் பொருள் ஒதுக்கியது அதுவே முதன்முறையாதலின், ஹூவர்க்கு அதன் புகழும் உரியது. ஆயினும், பாங்கிகளுக்கு ஜனவரியில் வந்த உதவி பசித்தவர்க்கு ஜூலையில் வந்தது. அதுவும் கடனாக வந்தது. ஆண்டு முடியுமுன் அதில் ஒரு சிறு பகுதியே மாகாணங்களின் கையிற் சேர்ந்தது.

சட்டம் கையெழுத்தாகி ஏழு நாட்களே சென்றன. முதல் உலகப்போரிற் சேவை செய்த வீரர்க்கு 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்களித்த ஒரு தொகை 1945இற் கொடுபடற்குரியதாயிருந்தது. வேலையிழந்த வீரர் அதனை அப்பொழுதே தருமாறு வேண்டி, மனைவி மக்களோடு பல்லாயிரவராக வாஷிங்டன் நகரத்தை அடைந்து, அனகாஸ்டியா ஆற்றங்கரையிற் குடிசையிட்டுத் தங்கினர். அதற்கு 240 கோடி டாலர் அளவு வேண்டும்; பிரதிநிதிகள் சபை இசைந்தும், ஜூன் 17ஆம் நாள் செனட் மறுத்துவிட்டது. ஒருசாரார் வீடு திரும்பினர், எஞ்சியோர் போகவில்லை. ஜூலை 28ஆம் நாள் போலீசாரோடு நேர்ந்த கலகத்தில் வீரர் இருவர் சுடுபட்டு மடிந்தனர். பின்னர், ஹூவர் அழைத்த படை, குதிரைகளோடும் டாங்கிகளோடும் கண்ணீர்ப் புகையோடும் வந்து அவர்களைத் துரத்திற்று. படைத் தலைவராகிய மக்கார்தர், ஆற்றைக் கடக்கவேண்டா என்னும் ஆணையையும் மீறிக் கடந்தார், குடிசைகள் எரிந்தன. பணம் இல்லையென்று மறுத்தது பிழையென்று துணிதற்கில்லை. அது மிகப் பெரிய தொகையே. ஆணையை மீறியது படைத் தலைவரது குற்றமே. ஆயினும், அதற்குரிய பழியை ஹூவர் அவர்மேற் சுமத்தாது தாமே தாங்கினார். அன்று எரிந்த குடிசைகளின் ஒளியில் நாட்டார் கண்டது ஒன்றே: போரில் நின்றவர் வந்து வாயிலில் நின்றபோது தலைவரது கதவு திறக்கவில்லை என்பது.

இனி, குறை கூறினோரையும் ஆராய்தல் முறையாம். 1932 அக்டோபரிற் பிட்ஸ்பர்க் நகரத்திற் பேசிய எதிர்க்கட்சி வேட்பாளர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹூவர் மிகுதியாகச் செலவிடுகின்றார் என்றே குற்றஞ் சாட்டித் தாம் செலவைக் குறைப்பதாக வாக்களித்தார். பதவியேற்ற பின்னர் அவரும் துண்டு விழும் கணக்கோடேயே ஆண்டார். வீரர்க்குரிய தொகையை உடனே தரும் மசோதாவை 1935இல் அவரும் மறுத்தார். 1936இல் அவரது மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அதனைச் சட்டமாக்கிற்று. ஆதலின், தலைவர் ஒருவர் செலவிட்டார் என்பதனானேயோ, செலவிடவில்லை என்பதனானேயோ அவரைப் புகழ்தலும் இகழ்தலும் கட்சிப்பேச்சு ஆகுமேயன்றி ஆராய்ச்சி ஆகா.

அங்ஙனமாயின், நேர்மையாகக் குறை காண்பார் கேட்கவேண்டிய வினாக்கள் எவை? மூன்று என்போம். முதலாவது, பொருள் சுருங்கியபோது யாருக்கு முதலிற் கிடைத்தது, யார் இறுதிவரை காத்திருந்தனர் என்பது. இரண்டாவது, ஒருவர்க்கு விதித்த நெறியே மற்றவர்க்கும் விதிக்கப்பட்டதா என்பது. மூன்றாவது, தலைவர் தாமே முன்னர்ச் சொன்ன சொல்லை, அச்சொல்லுக்குரிய காலம் வந்தபோது காத்தனரா என்பது.

முதல் வினாவிற்குரிய விடையை மேலே கண்டோம். இரண்டாவதே ஹூவரின் குறையை உள்ளவாறு புலப்படுத்துவது. அரசாங்க உதவி பெற்றால் ஏழையின் தன்முயற்சி கெடும் என்று அஞ்சிய அவர், அதே உதவி பெற்றால் பாங்கித் தலைவனது தன்முயற்சி கெடும் என்று அத்துணை அஞ்சவில்லை. 1931 ஜூனில் ஐரோப்பிய அரசுகள் தம் நாட்டிற்குத் தரவேண்டிய கடனை ஓராண்டு ஒத்திவைக்க அவரே முன்வந்தார். அதனால் அமெரிக்காவிற்கு அவ்வாண்டில் வரவேண்டிய ஏறத்தாழ 25 கோடி டாலர் நின்றது. உலக நலங் கருதிய அச்செயல் பாராட்டற்குரியதே. கடன்பட்ட அரசுக்கு இரங்கியதனால் அவ்வரசின் ஒழுக்கம் கெடும் என்று அவர் கருதவில்லை. வேலையிழந்த தொழிலாளிக்கு மட்டும் அவ்வச்சம் ஏன் எழுந்தது? இரக்கம் இல்லாமையால் அன்று. ஒரே கோலால் இருவரையும் அளவாமையால் என்க.

மூன்றாவது வினாவிற்கும் விடை இதுவே. ஊரும் மாகாணமும் இயலாத காலம் வரின் மத்திய அரசாங்கத்தை அழைப்பேன் என்றார். அக்காலம் 1931இன் குளிர்காலத்திலேயே வந்துவிட்டது. நகரங்களின் பொக்கசங்கள் வறண்டன. அறநிலையங்களின் கையும் ஓய்ந்தது. பாங்கி முறியும் ஒலி அவர் செவிக்கு உடனே எட்டிற்று. பசி ஒலியின்றி வருவது. அதனைக் கேட்பதற்கு அவர் 1932 ஜூலை வரை காலந்தாழ்த்தார். நல்லோராயிருத்தல் வேறு, நன்கு வகுத்தல் வேறு என்னும் உண்மை இதனால் விளங்கும்.

1932 நவம்பர்த் தேர்தலில் ஹூவர் ஆறு மாகாணங்களிலேயே வென்றார். 59 தேர்வாளர் வாக்குகளே அவர்க்குக் கிடைத்தன. ரூஸ்வெல்ட்டுக்கு 472 கிடைத்தன. ஆயினும் அவர் வரலாறு அங்கே முடிந்திலது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1946இல், உலகெங்கும் உணவு முடை தோன்றியபோது, தலைவர் ட்ரூமன் அவரையே அழைத்துப் பல நாடுகளின் பசி நிலையைக் கண்டு வருமாறு வேண்டினார். எழுபதாண்டு கடந்த அம்முதியவர் நம் இந்திய நாட்டிற்கும் வந்து, உணவு நிலையைக் கேட்டறிந்து சென்றார். பிறநாட்டார் பசியை அவர் என்றும் மறந்திலர். தம் நாட்டில், தம் கையிலேயே பொருளும் ஆணையும் இருந்த நான்காண்டுகளில் மட்டும் கொள்கை ஒன்று அவர் கண்ணை மறைத்தது.

நாம் இன்னும் கல்லூரி வாழ்க்கையினர். ஆயினும் வாக்குரிமை பெற்றுவிட்டோம். ஆண்டுதோறும் அரசாங்கத்தார் வரவு செலவுத் திட்டம் வெளியிடும்போது, மொத்தத் தொகை இத்துணைக் கோடி, துண்டு விழுவது இத்துணைக் கோடி என்பவற்றை மட்டும் வாசித்து இதழை மடித்துவிடுகின்றோம். இனி அங்ஙனம் மடியாது, குறைக்கப்பட்டது யார் பங்கு, ஒத்திவைக்கப்பட்டது யார் துயர், இருவர்க்கும் கோல் ஒன்றுதானா என்று கேட்கப் பழகுவோமாக. ஆள்வோர் தீயரல்லர் என்பதனால் இவ்வினாக்களைக் கேளாது விடலாகாது. நல்லோரிடத்தே இவற்றைக் கேட்டல் இன்னும் இன்றியமையாதது என்பதே ஹூவரின் ஆட்சி நமக்குக் கற்பிக்கும் பாடமாம்.